சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: நான்கு துறை மாணவர்களுக்கு ஒரு நோயாளி பாடம் எடுத்த கதை – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள கற்பித்தல் மருத்துவமனையில் நடந்தது இது. நான் அங்கே நர்சிங் கல்லூரி ஆசிரியை. மருத்துவமனையின் பெயரோ இதில் வருபவர்களின் பெயரோ இங்கே இல்லை. எழுதி முடித்ததும் அந்த நோயாளியிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

மருத்துவக் கல்லூரி வார்டில் நோயாளியை வைத்துப் பாடம் நடப்பது புதிதல்ல. "மூணாவது பெட்ல நல்ல கேஸ் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் போதும், பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். தேர்வு நாட்களில் வரவழைக்கப்படும் பழைய நோயாளிகளைப் பற்றி எல்லாக் கல்லூரியிலும் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. மண்ணீரல் வீங்கிய பெரியவர் ஒருவர், தடவிப் பார்த்துக் குழம்பி நிற்கும் மாணவனிடம் "நாலு விரக்கடைன்னு சொல்லு தம்பி" என்று மெதுவாகச் சொல்லிக்கொடுப்பாராம். சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அவருக்குத் தன் உடம்பைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரியும் என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

வேறு இடங்களில் தோன்றியிருக்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களே வெவ்வேறு துறை மாணவர்கள் கொண்ட சிறு குழுவுக்கு வழிகாட்டியாக இருக்கும் திட்டம் நடக்கிறது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் 1996லேயே பல துறை மாணவர்கள் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி வார்டு தொடங்கிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பதையே துறைகள் இணைந்த கல்வி என்கிறது.

நம் நாட்டில் 2019இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம் நோயாளியிடம் பேசும் முறை, அறநெறி ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. பின்னால், மாணவர்கள் சில குடும்பங்களைத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் வந்தது. நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் எம்பிபிஎஸ் மாணவர்கள் ஒரு தெருவுக்குத் திங்கட்கிழமை போனால், நர்சிங் மாணவிகள் அதே தெருவுக்கு வியாழக்கிழமை போவார்கள். ஒரே வீட்டுக்காரர் ஒரே கேள்விக்கு இரண்டு நோட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, சேர்ந்து போனால் என்ன என்றுதான் தொடங்கினோம். ஆறு நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் எம்பிபிஎஸ், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி ஆகிய துறைகளிலிருந்து ஒருவர் வீதம் நான்கு மாணவர்கள். மாதம் ஒரு அமர்வு, ஆறு மாதம். முதல் அமர்வுக்கு ஒரே விதி: முதல் இருபது நிமிடம் நோயாளி மட்டும் பேசுவார். மாணவர்கள் கேள்வி கேட்கக் கூடாது, தொட்டுப் பார்க்கக் கூடாது. நோயாளி தினமும் பயன்படுத்தும் மருந்து, சாமான் எல்லாவற்றையும் கையோடு எடுத்துவரச் சொல்லியிருந்தோம்.

நோயாளி

ஐம்பதைத் தாண்டிய அம்மா. வீட்டு வாசலில் இட்லிக் கடை. காலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் பத்தரைக்குத்தான் கடை முடியும். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், கடைசி மூன்று ஆண்டுகளாக இன்சுலின். பாதங்கள் மரத்துப்போனதால், தெறித்த கொதிநீர் பட்டது தெரியாமல் இடது கால் பெருவிரலின் அடியில் புண் வந்து, எங்கள் திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு வார்டில் சேர்ந்தார்.

அவருடைய ஓபி சீட்டுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு கதை தெரியும். காலை இன்சுலின் 16 யூனிட், அப்புறம் 22, அப்புறம் 30. ஒவ்வொரு முறையும் சர்க்கரை குறையவில்லை, அளவு ஏறியது. ஓரத்தில் வெவ்வேறு கையெழுத்துகளில் ஒரே குறிப்பு: சொன்னபடி மருந்து போடுவதில்லை, பத்தியம் இல்லை. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 11.2.

வார்டில் சேர்ந்த இரண்டாம் நாள், சீட்டில் உள்ளபடி 30 யூனிட் போட்டார்கள். பத்தரை மணிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. சர்க்கரை 48. குளுக்கோஸ் ஏற்றிச் சரிசெய்தார்கள். கேஸ் ஷீட்டில் "காலை உணவு சரியாக எடுக்கவில்லை" என்று எழுதிவிட்டு, அளவைக் காலை 16, இரவு 10 என்று குறைத்தார்கள். அந்த அளவிலேயே வார்டில் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தது. வீட்டில் 30க்கே அடங்காத சர்க்கரை வார்டில் 16க்கு எப்படி அடங்கியது? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் பழைய 30, 20 அப்படியே போனது. வீட்டுக்குப் போனால் வாயைக் கட்டமாட்டார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

முதல் அமர்வில் நடந்தது

ஒரு மஞ்சப்பையோடு வந்தார். கடையைப் பற்றிப் பேசினார், மருமகளைப் பற்றிப் பேசினார், மழைக்காலத்தில் மாவு புளிக்காத கஷ்டத்தைப் பேசினார். எம்பிபிஎஸ் மாணவர் இரண்டு முறை குறுக்கிடப் பார்த்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பதினைந்தாம் நிமிடம் வாக்கில், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் மருந்துக் குப்பியைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈர மணலில் சின்ன மண்சட்டி வைத்து அதற்குள் வைத்திருப்பதாகச் சொன்னார். மாணவர்கள் நால்வரும் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் "எப்படிப் போடுவேன்னு காட்டவா?" என்று தானாகவே பையிலிருந்து குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்தார்.

கை நடுங்காமல், குமிழி இல்லாமல், 30 என்ற கோட்டில் சரியாக நிறுத்தினார். எங்கள் மாணவிகள் பலரைவிட நன்றாகவே செய்தார். பார்மசி மாணவி மட்டும் சிரிஞ்சின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடி ஆரஞ்சு நிறம்.

தெரியாதவர்களுக்காக: நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 40க்கு உரியது சிவப்பு மூடி, 100க்கு உரியது ஆரஞ்சு மூடி. அவருக்கு இலவசமாகக் கிடைத்தது 40 குப்பி. சிரிஞ்சைக் கடையில் "இன்சுலின் ஊசி குடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறார், கடைக்காரர் ஆரஞ்சு மூடியைக் கொடுத்திருக்கிறார். அந்தச் சிரிஞ்சில் 30 என்ற கோடு 0.3 மில்லி. 40 குப்பியிலிருந்து 0.3 மில்லி எடுத்தால் உடம்புக்குள் போவது 12 யூனிட்தான். இரவு 20 என்று போட்டது 8 யூனிட். மூன்று ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல், எழுதியதில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் அவர் போட்டுக்கொண்டிருந்தார். வார்டில் இருந்தது சிவப்பு மூடி. அதனால்தான் அங்கே முழு 30ம் உள்ளே போய்ச் சர்க்கரை விழுந்தது.

எம்பிபிஎஸ் மாணவர் இரண்டு அடர்த்திகளைப் பற்றி மருந்தியலில் படித்திருந்தார், ஆனால் இன்சுலின் சிரிஞ்சை அதுவரை கையில் எடுத்ததில்லை. நர்சிங் மாணவி தினமும் இன்சுலின் போடுகிறவர், ஆனால் வார்டில் சிவப்பு மூடி மட்டுமே பார்த்திருந்ததால் வேறொன்று இருப்பதே நினைவில் இல்லை. பார்மசி மாணவிக்கு இரண்டும் தெரியும், ஆனால் அவர் படிப்பில் நோயாளி ஊசி போடுவதைப் பார்க்க வாய்ப்பே இல்லை. இந்த மூன்று பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்ததும், நோயாளி தானே எடுத்துக் காட்டியதும் சேர்ந்தால்தான் இது வெளியே வரும்.

அன்று எடுத்த முடிவு

"அம்மா, நீங்க தப்பான..." என்று பார்மசி மாணவி ஆரம்பித்ததும் நான் அமர்வைக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு மாணவர்களை வெளியே அழைத்துப் போனேன். அவர் சொல்ல வந்தது சரி. ஆனால் சிரிஞ்சை மாத்துங்க என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், மறுநாள் காலை 12க்குப் பதில் 30 யூனிட் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் அடுப்படியில் நின்றிருப்பார்.

இங்கேதான் நர்சிங் மாணவி ஒன்றைக் கவனித்திருந்தார். ஊசி ஐந்து மணிக்கு, சாப்பாடு கடை முடிந்து பத்தரைக்கு. இத்தனை நாள் அவரை இந்தப் பழக்கத்திலிருந்து காப்பாற்றியதே அந்தத் தவறான சிரிஞ்சுதான். பிசியோ மாணவர் கேட்டார்: "ஆறு மணி நேரம் வெறுங்காலோடு நிக்கிறாங்க, புண் எப்படி ஆறும்?" அதுவும் சேர்ந்தது.

அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவப் பிரிவின் உதவிப் பேராசிரியரை அழைத்தேன். நல்லவேளை, உடனே வந்தார். காலை 16, இரவு 10 என்று அளவை மாற்றி எழுதிய பிறகே சிவப்பு மூடி சிரிஞ்சைக் கையில் கொடுப்பது என்று முடிவானது. யார் சொல்வது என்பதில் கொஞ்சம் பேச்சு நடந்தது. மாணவர்கள் சொன்னால் நோயாளியின் தவறைக் கண்டுபிடித்தது போல ஆகிவிடும் என்பது என் கருத்து. உதவிப் பேராசிரியரே சொன்னார்: "அம்மா, இதுல உங்க தப்பு எதுவும் இல்ல. எந்த சிரிஞ்சுன்னு நாங்க சீட்டுல எழுதவே இல்ல."

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ மூணு வருஷமா ஒழுங்கா போடலன்னு என்னைத் திட்டினதெல்லாம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. எம்பிபிஎஸ் மாணவர் பின்னால் தன் குறிப்பேட்டில் அந்தக் கேள்வியை மட்டும் எழுதியிருந்தார்.

அடுத்த இரண்டு மாதம்

சாப்பாட்டு நேரத்துக்கு மாணவர்கள் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு போனார்கள். ஆறரைக்குச் சாப்பிடுங்கள், கடையை அரை மணி தள்ளித் திறங்கள் என்று. அதைப் பார்த்துவிட்டு, "அந்த அரை மணியிலதான் பஸ்ஸுக்குப் போற ஆளுங்க வருவாங்க" என்று மடித்து வைத்துவிட்டார். பிறகு அவரே வழி சொன்னார். முதல் ஈடு சாமிக்கும் போணிக்கும், அதைத் தொடமாட்டார். இரண்டாவது ஈட்டில் மூன்று இட்லி எடுத்து வைத்துச் சாப்பிடுவார், அந்த ஈட்டைத் தட்டில் ஊற்றும்போது ஊசி. அரை மணி இடைவெளிக்கு இதைவிடத் துல்லியமான கடிகாரம் எங்களிடம் இல்லை.

செருப்பு விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. மரத்துப்போன பாதங்களுக்கான மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தோம். அடுப்படியில் சாமி படம் இருக்கிறது, அங்கே செருப்புப் போடமாட்டேன் என்றார். பிசியோ மாணவர் மூன்று வாரம் விடாமல் பேசினார். கடைப் பலகைக்கு வெளியே செருப்பு, உள்ளே தடித்த சாக்கு விரிப்பு என்ற இடத்தில் வந்து நின்றது. புத்தகப்படி இது போதாதுதான்.

இரண்டாம் அமர்வு முடிந்ததும் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சிஸ்டர், டாக்டர் தம்பி மட்டுமே பேசுறாரு. அந்த ஊசி கண்டுபிடிச்ச பொண்ணு ஏன் வாயே தொறக்க மாட்டேங்குது?" நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பழகிப்போனதால் உறைக்கவில்லை. மூன்றாம் அமர்விலிருந்து எம்பிபிஎஸ் மாணவர்கள் கடைசியில் பேச வேண்டும் என்று ஆறு குழுக்களிலும் மாற்றினோம்.

மதிப்பெண் போடும் அதிகாரத்தையும் நோயாளிகளுக்குத் தரப் பார்த்தோம். என்னைப் பார்த்துப் பேசினாரா, முழுவதும் கேட்டாரா, சொன்னது புரிந்ததா என்று மூன்று கேள்வி, ஐந்துக்கு எத்தனை. ஆறு பேரில் ஐந்து பேர் எல்லோருக்கும் ஐந்து போட்டார்கள். இவர் பேனாவையே தொடவில்லை. "பிள்ளைங்க மார்க்கக் குறைச்ச பாவம் எனக்கு எதுக்கு?" மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கடைசியில் இரண்டு நிமிடம் மாணவரிடம் நேரே சொல்லுங்கள் என்றோம். அது வந்தது. சில சமயம் காரமாகவே வந்தது.

தவறு

மூன்றாம் மாதம் சிரிஞ்சு விஷயம் கல்லூரி முழுக்கப் பரவியிருந்தது. பெரிய வகுப்பில் அவரைப் பேசவைக்கலாம் என்று மேலிருந்து யோசனை வந்தது. அவரிடம் கேட்டேன், சரி என்றார். எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள். முதல் பத்து நிமிடம் அவர் பேசினார். அதன்பின் மைக் கைமாறியது. ஒரு மூத்த பேராசிரியர் கட்டைப் பிரிக்கச் சொல்லி, புண் ஆறும் நிலைகளை விளக்க ஆரம்பித்தார். ஆறு மாதப் பயிற்றுநராக வந்தவர் பத்தே நிமிடத்தில் மறுபடி கேஸ் ஆகிவிட்டார். நான் அந்த அறையில் இருந்தேன், தடுக்கவில்லை.

யாரோ ஒரு மாணவர் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். கால் மட்டும் இல்லை, முகமும் தெரிந்தது. அவர் தெருவைச் சேர்ந்த பையன் ஒருவன் எங்களிடம் லேப் டெக்னீஷியன் படிக்கிறான். அன்று மாலையே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. காலில் புண் உள்ளவர் கையால் செய்த இட்லியா என்று இரண்டு வீட்டில் பேச்சு கிளம்பியது. நான்காம் அமர்வுக்கு அவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

அனுமதிப் படிவம் இருந்ததா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். இருந்தது. வார்டில் சேரும்போது கையெழுத்து வாங்கிய ஆங்கிலப் படிவம், அதில் கற்பித்தலுக்குப் பயன்படுத்த ஒப்புதல் என்று ஒரு வரி. அதைக் காட்டி முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மாணவர் படத்தை நீக்கி, எழுத்தில் மன்னிப்புக் கொடுத்தார். நானும் உதவிப் பேராசிரியரும் நான்கு மாணவர்களும் கடை முடியும் நேரத்தில் வீட்டுக்குப் போனோம்.

உட்காரச் சொல்லவில்லை. உதவிப் பேராசிரியர் மன்னிப்புக் கேட்டார். நான், அன்று நானும் சும்மா இருந்தேன் அக்கா, அது என் தப்பு என்றேன். "எத்தனை பேர்னு நீ சொல்லலியே" என்றார். அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். வருகிறேன், ஆனால் இந்த நான்கு பிள்ளைகளோடு மட்டும், காலைக் காட்டமாட்டேன், வருகிற நாளில் கடை வருமானம் போகிறது அதற்கு வழி சொல்லுங்கள் என்றார்.

கடைசி நிபந்தனை எங்களை வெட்கப்படுத்தியது. திட்டத்துக்கு நிதி கேட்டு எழுதியபோது மாணவர்களுக்குச் சிற்றுண்டி முதல் சான்றிதழ் அச்சடிப்பு வரை போட்டிருந்தோம், நோயாளிக்குப் பேருந்துக் கட்டணம்கூட இல்லை. அதுவரை பணம் எங்கள் கையிலிருந்துதான் போனது, அதுவும் ஞாபகம் வந்தபோது.

முடிவில் நின்ற இடம்

ஆறு மாத முடிவில் எச்பிஏ1சி 8.6. நல்ல முன்னேற்றம், இலக்கு இன்னும் தூரம். சர்க்கரை மிகவும் குறைந்துபோனது ஒரே ஒரு முறை, அதுவும் கோயில் திருவிழா நாளில் இரண்டாம் ஈட்டை மறந்தபோது. புண் நான்காம் மாதம் மூடியது. ஐந்தாம் மாதம் புதுச் செருப்பின் வார் உரசிக் கொப்புளம் வந்தது, பிசியோ மாணவர் வாரை மாற்றித் தைத்துக் கொடுத்தார்.

எங்கள் சர்க்கரை நோய் ஓபியில் இன்சுலின் எழுதும்போது குப்பியின் அடர்த்தியையும் "சிவப்பு மூடி" அல்லது "ஆரஞ்சு மூடி" என்பதையும் தமிழில் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. பார்மசி மாணவிகள் ஓபியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வீட்டுச் சிரிஞ்சைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். அதே தவறு வேறு சிலரிடமும் இருந்தது.

மற்ற ஐந்து நோயாளிகளில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். மூச்சிரைப்பு உள்ள ஆட்டோ ஓட்டுநர் அவர். "என் கஷ்டத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு அதுவே பெருசாத் தெரியுது" என்றார். வற்புறுத்தவில்லை. இப்படிப் பேசுவது ஒருவருக்கு ஆறுதல் என்றால் இன்னொருவருக்குச் சுமையாகலாம் என்று நாங்கள் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். மாணவர்கள் மாறினார்களா என்று கேட்டால், இந்த இருபத்து நான்கு பேரை வைத்து நான் எதையும் நிரூபிக்க முடியாது. அந்த எம்பிபிஎஸ் மாணவர் இப்போது ஹவுஸ் சர்ஜன். "சொன்னபடி மருந்து போடுவதில்லை" என்று எழுதுவதற்கு முன் பையைக் காட்டச் சொல்கிறார் என்று வார்டு சிஸ்டர் சொன்னார்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

படிவம் இப்போது தமிழில், ஒரே பக்கம். பேசுவது, உடலைப் பரிசோதிக்க விடுவது, படம் எடுக்க விடுவது என்று மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். எத்தனை பேர் முன்னிலையில் என்ற எண்ணும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு அமர்வுக்கும் புதிதாகக் கேட்கிறோம். அறைக்குள் செல்போன் கிடையாது, ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான். இந்த விதி வந்ததும் அதிகம் முணுமுணுத்தது ஆசிரியர்கள். அவர்களுக்கும் ஒரு பயிற்சி தேவை, நோயாளி பேசும்போது மைக்கை வாங்காமல் இருப்பதற்கு. அது இன்னும் நடக்கவில்லை.

போக்குவரத்தும் ஒரு நாள் வருமானமும் நிதித் திட்டத்தின் முதல் வரியாகிவிட்டன. தொகை குறைவு. கணக்குப் பிரிவு அதை "இதர செலவு" என்றுதான் இன்னும் பதிகிறது.

முதல் அமர்வை மருத்துவமனையில் வைத்ததும் சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன். மஞ்சப்பையில் வந்தது குப்பியும் சிரிஞ்சும் மட்டும்தான். ஐந்து மணி ஊசி, பத்தரை மணிச் சாப்பாடு, சாமி படம், ஆறு மணி நேர நிற்றல் எல்லாம் அந்த அடுப்படியில் ஒரு காலை நின்றிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்த அணிக்கு அவர் ஒத்துக்கொண்டார். காலை பத்தரை, கடை முடிந்ததும், அவர் வாசலில். பலகையில் இரண்டு பேருக்குத்தான் இடம். போன வாரம் நர்சிங் மாணவியையும் பார்மசி மாணவியையும் உட்காரச் சொன்னார், மற்ற இருவரும் நின்றுகொண்டு எழுதினார்கள்.